ரன்னிமீட்டில் விழுந்த ஒற்றை ஓட்டு

காகிதம் பேருந்தின் கடைசி இருக்கைவரை போய்த் திரும்பி வந்தபோது அதில் பதினாறு கையெழுத்துகள் இருந்தன. டெஸ்மண்ட் பார்ஜெட்டருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். குளிர்ந்த மனசு அப்படியே உறைந்துபோயிற்று.

'இனிய பிறந்தநாள் வாழ்த்துகள். அன்புடன், வெண்டி.'

'சீக்கிரம் குணமாகி எழுந்து வாருங்கள். ஆட்ரி.'

'புது வீட்டில் எல்லா நலமும் பெருகட்டும். நாரிஸ்.'

டெஸ்மண்ட் பின் இருக்கைப் பக்கம் திரும்பினார். "நாரிஸ், என்னய்யா இது? யாருக்குப் புது வீடு?"

"உங்களுக்கு இல்லையா?"

"நான் எங்கேயும் போகல."

"அப்ப இந்தக் கார்டு யாருக்கு?"

"இது கார்டு இல்லய்யா! மூரியலைத் தலைவி பதவியிலேருந்து இறக்கச் சொல்லி மனு!"

நாரிஸ் முப்பது வருஷம் தீயணைப்பு வீரராக இருந்தவர். எரிகிற மாடியிலிருந்து இரண்டு பேரைத் தோளில் தூக்கி வந்தவர். இப்போது இருக்கையில் சறுக்கிக் கண்மட்டும் தெரிகிற அளவுக்குக் கீழே போய்விட்டார். "மெல்லப் பேசுங்க. முன் சீட்டுலதான் இருக்காங்க."

தப்பு டெஸ்மண்டுடையதுதான். முதல் கையெழுத்தைப் போட ஒருத்தருக்கும் தைரியம் வராது என்று அவருக்குத் தெரியும். அதனால் மனுவை நடுவில் பொடி எழுத்தில் எழுதி, சுற்றிவர வட்டமாகக் கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தார். வட்டத்தில் முதல் ஆள் யாரென்று யாரால் கண்டுபிடிக்க முடியும்? யோசனை கெட்டிக்காரத்தனமானதுதான். ஆனால் இங்கிலாந்தில் ஒரு காகிதம் கைமாறி வந்து, அதைச் சுற்றி நாலு பெயர் இருந்தால் அது வாழ்த்து அட்டை. யாருக்கு, எதற்கு என்று கேட்பது மரியாதையில்லை. 'இவ்வளவு நாள் பழகி இதுகூடத் தெரியாதா' என்று ஆகிவிடும். நல்லதாக நாலு வார்த்தை எழுதிப் பக்கத்து ஆளிடம் தள்ளிவிட வேண்டியதுதான். பதினாறு பேரும் அதைத்தான் செய்திருந்தார்கள்.

நெதர்வெல் வரலாற்றுச் சங்கத்துக்குப் பதினோரு வருஷமாக மூரியல் ஓக்‌ஷாட்தான் தலைவி. ஆறடி உயரம், கணீரென்ற குரல். சங்கத்தின் விதிப்படி வேறொருவர் தேர்ந்தெடுக்கப்படும்வரை இருப்பவரே தலைவர். வேறொருவர் எங்கேயிருந்து வருவது? ஒவ்வொரு வருஷமும் மூரியல் எழுந்து நின்று, "இந்தப் பொறுப்பை வேற யாராவது எடுத்துக்கிறீங்களா?" என்று கேட்பார். கேட்டுவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். ஒரு நிமிஷம், சில சமயம் இரண்டு நிமிஷம். அந்தப் பார்வையில் நாக்கு ஒட்டிக்கொள்ளாத ஆள் சங்கத்தில் கிடையாது.

கேட்கிற இடத்தையாவது பாருங்கள். ஆண்டுக் கூட்டத்தை ஊர் மண்டபத்தில் நடத்த மாட்டார். மக்களாட்சி பிறந்த கதைக்குச் சம்பந்தப்பட்ட ஊருக்கு எல்லோரையும் பேருந்தில் அள்ளிக்கொண்டு போய் அங்கேதான் நடத்துவார். ஒரு வருஷம் லூயிஸ், சொந்தப் பிரபுக்களே மன்னரைச் சிறைபிடித்த ஊர். இன்னொரு வருஷம் பட்னி தேவாலயம், சாதாரணச் சிப்பாய்கள் எங்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று வாதாடிய இடம். போன வருஷம் லண்டனில், ஒரு மன்னருடைய தலையையே வெட்டிய மாளிகை வாசல். அங்கே நின்றுகொண்டு, "வேற யாராவது?" என்று கேட்டபோது வெண்டிக்கு மயக்கம் வந்துவிட்டது.

கூட்டக் குறிப்பேட்டில் 'ஏகமனதாக' என்று எழுதுவது செயலாளர் டெஸ்மண்டின் வேலை. பதினோரு தடவை எழுதியாகிவிட்டது. நாற்காலி அடுக்குவது, மண்டபச் சாவியை வைத்திருப்பது, கடிதங்களுக்குப் பதில் போடுவது என்று வருஷத்துக்கொரு வேலையாக மூரியல் அவர் தலையில் கட்டிக்கொண்டே வந்தார். வேலையெல்லாம் இவருக்கு, அதிகாரம் மட்டும் அந்த அம்மாவுக்கு என்று டெஸ்மண்ட் புழுங்குவார். தபால் நிலையத்தில் ஓய்வு பெற்ற பிறகு அவருக்கென்று இருந்தது சங்கத்தின் வியாழக்கிழமைகள் மட்டும்தான். அந்த ஒரு இடத்திலும் நினைத்ததை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லையே என்று அவருக்கு ரொம்ப வருத்தம்.

அவர் மனைவி ஹிலரி காலையில் கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார். "இன்னைக்குத் தலைவரா வா. இல்லேன்னா விலகிட்டு வா. பழையபடி செயலாளரா மட்டும் வீட்டுக்குள்ள வராதே. நானும் பதினோரு வருஷமா மூரியலைத் தொட்டுக்கிட்டுத்தான் சாப்பிடறேன். போதும்."

அதனால் இன்றைக்குத் தலைவராகாவிட்டால் அந்த வியாழக்கிழமைகளும் போய்விடும்.

"டெஸ்மண்ட்! என்ன காகிதம் அது?"

மூரியல் இருக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டிருந்தார். டெஸ்மண்ட் வாயைத் திறப்பதற்குள் காகிதம் கை மாறிவிட்டது.

"யாருக்குப் பிறந்தநாள்?"

டெஸ்மண்டுக்கு ஒரு பெயரும் தோன்றவில்லை. "டிரைவருக்கு," என்றார்.

மூரியல் காகிதத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை எடுத்து, மிச்சமிருந்த இடைவெளியில் 'முழு மனதுடன், மூரியல் ஓக்‌ஷாட்' என்று எழுதினார். நேரே போய் ஓட்டுநர் டாரன் முன்னால் அதைச் செருகிவைத்தார். பேருந்து முழுக்க எழுந்து நின்று வாழ்த்துப் பாடியது. டாரன் பிறந்தது டிசம்பரில். இது ஜூன் மாதம். ஆனாலும் பதினெட்டுப் பேர் பாடும்போது இல்லையென்று சொல்வது நன்றாகவா இருக்கும்? கைகாட்டிச் சிரித்துவைத்தார்.

ரன்னிமீட்டில் வண்டியை நிறுத்தியதும் டாரன் டெஸ்மண்டைத் தனியாக அழைத்தார்.

"சார், என் பிறந்தநாள் கார்டு நடுவுல, 'இந்தச் சர்வாதிகாரம் இன்றோடு ஒழிய வேண்டும்'னு இருக்கே? நான் ஏதாச்சும் தப்பா ஓட்டிட்டேனா?"

டெஸ்மண்ட் விஷயத்தைச் சொன்னார்.

"ஓ, அந்த அம்மாவையா?" என்றார் டாரன். "அவங்களும் கையெழுத்துப் போட்டிருக்காங்களே."

"படிச்சிருக்க மாட்டாங்க. இங்க யார் படிக்கிறா?" என்றார் டெஸ்மண்ட் கசப்போடு.

எண்ணூறு வருஷத்துக்கு முன் ஜான் மன்னரை வழிமறித்து, 'நீயும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன்தான்' என்று பிரபுக்கள் மாக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனத்தில் முத்திரை வாங்கிய இடம் ரன்னிமீட். இடம் என்றால் புல்வெளி. தேம்ஸ் ஆறு, மாடுகள், தலைக்கு மேலே இரண்டு நிமிஷத்துக்கு ஒரு விமானம். முத்திரை குத்தியது எந்த மூலையில் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. நடுவில் கலைஞர் ஒருவர் செய்த பன்னிரண்டு வெண்கல நாற்காலிகள் இருக்கின்றன. வருகிறவர்கள் உட்கார்ந்து சட்டத்தைப் பற்றி யோசிக்கலாம்.

பதினெட்டுப் பேர், பன்னிரண்டு நாற்காலிகள்.

"நீங்க உக்காருங்க, ஆட்ரி."

"ஐயோ, எனக்கென்ன, நீங்க உக்காருங்க. உங்களுக்குத்தான் முட்டி வலி."

"முட்டியெல்லாம் நின்னாத்தான் நல்லா இருக்கு."

கால்மணி நேரம் உபசாரம் நடந்தது. கடைசியில் பன்னிரண்டு நாற்காலிகளும் காலியாக இருக்க, பதினெட்டுப் பேரும் சுற்றி நின்றுகொண்டு முட்டை சாண்ட்விச் சாப்பிட்டார்கள்.

அந்தச் சந்தடியில் டெஸ்மண்ட் ஒவ்வொருவர் காதிலும் போய் ஓதினார். ஆச்சரியம், ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் அவர் பக்கம்தான்.

"உயிரை வாங்குறாங்கய்யா அந்த அம்மா. என் ஓட்டு உங்களுக்குத்தான்," என்றார் நாரிஸ்.

"எப்படா யாராவது கேப்பாங்கன்னு இருந்தேன்," என்றார் ஆட்ரி. "கையைத் தூக்குங்கன்னு சொல்லுங்க, ரெண்டு கையையும் தூக்குறேன்."

டெஸ்மண்டுக்கு மறுபடி மனசு குளிர்ந்தது. மூரியல் கைதட்டிக் கூட்டத்தைத் தொடங்கினார். போன வருஷ அறிக்கை முடிந்தது. பிறகு அந்தக் கேள்வி.

"இந்தப் பொறுப்பை வேற யாராவது எடுத்துக்கிறீங்களா?"

பார்வை ஒவ்வொரு முகமாக நகர்ந்தது. டெஸ்மண்டிடம் வந்தபோது அவர் கால் தானாக ஓர் அடி முன்னால் போயிற்று.

"நான்... நான் நிக்கிறேன்."

மாடு ஒன்று இருமியது. மூரியல் உடனே, "ரொம்ப நல்லது. யார் வழிமொழியறீங்க?" என்றார்.

பதினாறு பேரும் ஆற்றைப் பார்த்தார்கள். நாரிஸ் ஒரு விமானம் கண்ணுக்கு மறையும்வரை அதையே பார்த்தார். டெஸ்மண்ட் தனியாக நின்றுகொண்டிருந்தார். வாழ்க்கையில் எத்தனையோ வரிசையில் நின்றிருக்கிறார், இவ்வளவு தனியாக நின்றதில்லை.

"யாராவது சொல்லுங்கப்பா," என்றார் மூரியல். குரல் ஏறியது. "அந்த மனுஷனை எவ்வளவு நேரம் நிக்க வெப்பீங்க?"

அந்த அதட்டலில் மிச்சமிருந்த தைரியமும் ஓடிவிட்டது. நல்லவேளையாக ஒரு குளவி ஆட்ரியின் சாண்ட்விச்சைத் தேடி வந்தது. ஆட்ரி கையை உயர்த்தி விரட்டினார்.

"ஆட்ரி வழிமொழியறாங்க! எழுதிக்கோங்க டெஸ்மண்ட்," என்றார் மூரியல்.

ஆட்ரி மறுக்கவில்லை. மறுத்தால் டெஸ்மண்ட் மனசு புண்படும், மறுக்காவிட்டால் மூரியல் மனசு புண்படும். இரண்டுக்கும் நடுவில் நின்று சாண்ட்விச்சைப் பார்த்தார்.

"டெஸ்மண்டுக்கு ஆதரவா இருக்கிறவங்க கை தூக்குங்க."

பதினாறு கைகளும் அரை அங்குலம் அசைந்தன. ஒவ்வொருவரும் பக்கத்து ஆள் தூக்கினால் தூக்கலாம் என்று பக்கத்தைப் பார்த்தார்கள். பக்கத்து ஆள் இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருத்தர் மூக்கைச் சொறிந்தார். ஒருத்தர் தொப்பியைச் சரிசெய்தார். டெஸ்மண்டும் கை தூக்கவில்லை. தனக்குத்தானே கை தூக்குவதா? அதைவிடக் கேவலம் உண்டா?

"பூஜ்யம்," என்று சொன்ன மூரியலின் குரல் ஒரு மாதிரி இருந்தது. கோபம் என்று நினைத்துக்கொண்டார் டெஸ்மண்ட்.

இனி இழக்க என்ன இருக்கிறது? "ரகசிய வாக்கெடுப்பு வேணும்," என்றார். "எழுதிப் போடணும். யாருக்கும் யார் போட்டதுன்னு தெரியக் கூடாது."

சண்டை வரும் என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். மூரியலோ சட்டென்று மழைத்தொப்பியைக் கழற்றி ஒரு வெண்கல நாற்காலியில் கவிழாமல் வைத்தார். "அருமையான யோசனை. இதுல போடுங்க. டாரன் பொதுவான ஆள், அவர் எண்ணட்டும்."

'எவ்வளவு நம்பிக்கை பார் இந்த அம்மாவுக்கு' என்று டெஸ்மண்ட் நினைத்துக்கொண்டார்.

குறிப்பேட்டின் கடைசித் தாள்களைக் கிழித்துத் துண்டுகளாக்கினார்கள். பென்சில் ஒன்றே ஒன்று. ஆகவே வரிசை உருவாயிற்று. வரிசை என்றால் இந்த நாட்டு ஆட்களுக்கு உயிர். பேச்சில்லாமல், இடிக்காமல், ஆளுக்கு ஒரு முழம் இடைவெளி விட்டு நின்றார்கள். அவ்வளவு அழகான வரிசையைப் பார்த்தால் எந்த ஆங்கிலேயனால் சும்மா போக முடியும்? நாயோடு அந்தப் பக்கம் நடந்துபோன ஒரு தம்பதி, எதற்கு என்று கேட்காமல் கடைசியில் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

டெஸ்மண்ட் முறை வந்தது. பென்சிலை எடுத்தார். யாரும் பார்க்கவில்லை. மூரியல்கூட முதல் ஆளாகப் போட்டுவிட்டு மாடுகளைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தார். தன் பெயரின் முதல் எழுத்தை எழுதினார். சின்ன வயதிலிருந்து கேட்ட குரல்கள் எல்லாம் காதில் வந்தன. கடைசித் துண்டு கேக்கை நீயே எடுத்துக்காதே. உன்னைப் பத்தி நீயே பேசாதே. பதினாறு பேர் ஓட்டு இருக்கும்போது சொந்த ஓட்டுக்கு அலைய வேண்டுமா? எழுதிய எழுத்தை அடித்துவிட்டு, 'மூரியல்' என்று எழுதி மடித்துப் போட்டார். பெருந்தன்மையாக நடந்துகொண்ட திருப்தி.

டாரன் எண்ணத் தொடங்கினார்.

"மூரியல். மூரியல். மூரியல்."

சரி, ஆரம்பம் அப்படித்தான் இருக்கும்.

"மூரியல். மூரியல். ரெண்டு டீ, ஒண்ணுல சர்க்கரை வேண்டாம்."

"அது எங்களோடதுங்க," என்றார் நாய்க்காரர். "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

அது செல்லாத ஓட்டு என்று முடிவாயிற்று. தம்பதி வருத்தம் தெரிவித்தார்கள். சங்கத்தாரும் வருத்தம் தெரிவித்தார்கள். ஆட்ரி தன் ஃப்ளாஸ்கிலிருந்து இரண்டு டீ ஊற்றிக்கொடுத்தார். டாரன் தொடர்ந்தார். மூரியல், மூரியல் என்று போய்க்கொண்டே இருந்தது.

"டெஸ்மண்ட், ஒண்ணு," என்றார் டாரன், தொப்பியின் அடியில் கிடந்த கடைசிச் சீட்டை விரித்து. "அவ்வளவுதான். மூரியல் பதினேழு, டெஸ்மண்ட் ஒண்ணு, டீ ரெண்டு."

மூரியல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு வெண்கல நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். முகம் விழுந்துபோயிருந்தது. ஒரே ஒரு ஓட்டு எதிராக விழுந்ததைக்கூட இந்த அம்மாவால் தாங்க முடியவில்லையே என்று எல்லோரும் நடுங்கினார்கள். பலமாகக் கைதட்டினார்கள்.

"சரி," என்றார் அவர் கடைசியில். "இன்னொரு வருஷம்."

டெஸ்மண்ட் அந்த ஒற்றைச் சீட்டை டாரனிடமிருந்து வாங்கிக்கொண்டார். கட்டை எழுத்தில் 'டெஸ்மண்ட் பார்ஜெட்டர்' என்று இருந்தது. அதற்குக் கீழே, டாரன் படிக்காமல் விட்ட இன்னொரு சொல்லும் இருந்தது. 'தயவுசெய்து.'

யாரோ ஒருத்தர் தன்னை நம்பிக் கெஞ்சியிருக்கிறார். அந்த ஒருத்தருக்குத் துணையாக இரண்டாவது ஓட்டையாவது போட்டிருக்கலாம். அதைக்கூடப் போடவில்லை. சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

திரும்பும் வழியில் வெளியே வயல்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தப் பிரபுக்களும் ஒன்றும் பெரிய மனிதர்கள் இல்லை, சொந்த லாபத்துக்காக வந்தவர்கள்தான் என்று டெஸ்மண்ட் நினைத்துக்கொண்டார். ஆனால் வாளோடு நின்ற மன்னரிடம் நேருக்கு நேர் வேண்டியதைக் கேட்டார்களே! இன்றைக்கு வாள் இல்லை, சிறை இல்லை, முட்டை சாண்ட்விச்தான் இருந்தது. கேட்க வாய் வரவில்லை. அடுத்தவரைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? அடித்து எழுதிய கை தன்னுடையதுதானே. சர்வாதிகாரி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு பதினோரு வருஷம் 'ஏகமனதாக' என்று எழுதியதும் இதே கைதான்.

நாரிஸ் பின்னாலிருந்து குனிந்தார். "வருத்தப்படாதீங்க. அந்த ஒரு ஓட்டு என்னோடதுதான்."

"நன்றி, நாரிஸ்."

கொஞ்ச நேரத்தில் ஆட்ரி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அது நான் போட்டது."

அப்புறம் வெண்டி. அப்புறம் மற்றவர்கள், கழிப்பறைக்குப் போகிற சாக்கில் ஒருவர் பின் ஒருவராக. நெதர்வெல் வந்து சேர்வதற்குள் பதினாறு பேரும் அந்த ஒரே ஓட்டைப் போட்டு முடித்துவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் டெஸ்மண்ட் நன்றி சொன்னார். சொல்லாவிட்டால் அவர்கள் மனசு புண்படுமே.

நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் அவர் ராஜினாமாவை எழுதி முடித்தபோது வண்டி ஊர்த் திடலில் நின்றது. சாயங்கால வெயில் இன்னும் பளிச்சென்று இருந்தது. எல்லோரும் மூரியலுக்குக் கைகொடுத்து, 'அற்புதமான நாள்' என்று சொல்லிவிட்டுக் கலைந்தார்கள். கடைசியில் திடலில் இரண்டு பேர்தான் மிச்சம்.

"மூரியல், இதைக் கொஞ்சம் பாருங்க."

மூரியல் வாங்கிப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். பிறகு பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"விலகுறீங்களா? நீங்களா?"

"ஒரே ஒரு ஓட்டு வாங்கினவன் இனிமே செயலாளரா இருந்தா நல்லா இருக்காது," என்றார் டெஸ்மண்ட். இவ்வளவு நேராக அவரிடம் பேசியது இதுதான் முதல் தடவை. பேசிவிட்டதில் அவருக்கே ஆச்சரியம். "அந்த ஒருத்தர் யாருன்னு தெரிஞ்சா, 'என்னை மன்னிச்சிடுங்க'ன்னு சொல்லிட்டுப் போயிடுவேன். அதுக்கும் வழியில்ல. பஸ்ல இருந்த பதினாறு பேரும் நான்தான் நான்தான்ங்கிறாங்க."

மூரியல் நிமிர்ந்து பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அந்தக் கணீர்க் குரல் எங்கே போயிற்றோ, பக்கத்தில் நின்ற டெஸ்மண்டுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"'தயவுசெய்து'ன்னு வேற எழுதியிருந்தேனே, டெஸ்மண்ட்."